சால்மன் மீனின் தசையும் சினையும்: மீஷர் ஆய்வு பற்றி ஒரு மதிப்பீடு

உயிரியல் பாடநூல்களில் ஃபிரீட்ரிக் மீஷர் என்னும் சுவிட்சர்லாந்து அறிஞரின் பெயர் ஒருமுறை வரும், பிறகு மறைந்துவிடும். 1869-ஆம் ஆண்டு ஜெர்மனியின் டியூபிங்கன் நகரில், காயக் கட்டுகளில் படிந்திருந்த சீழிலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்தெடுத்து, அவற்றின் உட்கருவில் பாஸ்பரஸ் செறிந்த ஒரு புதுப் பொருளைக் கண்டார். அதற்கு 'நியூக்ளீன்' என்று பெயரிட்டார். இன்று நாம் டி.என்.ஏ. என்று கூறும் பொருளே அதன் முக்கியப் பகுதி. பின்னர் தம் சொந்த ஊரான பாசலில் சால்மன் மீனின் விந்தணுக்களைக் கொண்டு அதே ஆய்வைத் தொடர்ந்து, 1874-இல் 'புரோட்டமீன்' என்னும் பொருளையும் கண்டறிந்தார். பாடநூல் இத்துடன் நின்றுவிடுகிறது.

ஆனால் மீஷர் பல ஆண்டுகள் உழைத்த வேறோர் ஆய்வு உண்டு. சால்மன் மீனின் தசைக்கும் அதன் இனப்பெருக்க உறுப்புகளுக்கும் உள்ள தொடர்பு பற்றியது அது. 1880-களின் தொடக்கத்தில் அதன் முடிவுகள் வெளிவந்தன. அவர் 1895-இல் காலமான பின், 1897-இல் வந்த அவரது ஆய்வுத் தொகுப்பிலும் அதற்குப் பேரிடம் உண்டு. அந்த ஆய்வு எதைச் சாதித்தது, எதில் வழுக்கியது, அதைப் பற்றி இன்று மக்களுக்குச் சொல்லப்படும் கதை எந்த அளவுக்குச் சரி என்பவற்றைச் சீர்தூக்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

உண்ணாத மீனுக்குச் சினை எங்கிருந்து வந்தது?

அட்லாண்டிக் சால்மன் கடலில் உண்டு கொழுத்து, முட்டையிடுவதற்காக ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு மேலேறும் மீன். ரைன் ஆற்றின் வழியே பாசல் வரை வந்த மீன்களின் வயிற்றை மீஷர் அறுத்துப் பார்த்தபோது அதில் உணவு இல்லை. ஆற்றில் இருக்கும் பல மாதங்களும் மீன் பட்டினி கிடக்கிறது. எனினும் அதே காலத்தில் அதன் சினைப்பை வளர்ந்துகொண்டே போகிறது. தொடக்கத்தில் உடல் எடையில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும் சினைப்பை, முட்டையிடும் பருவத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குப் பருத்துவிடுகிறது. உள்ளே எதுவும் போகவில்லை. ஆகவே, புதிதாகத் தோன்றிய ஒவ்வொரு கிராம் பொருளும் மீனின் உடலிலேயே வேறோர் உறுப்பிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

எந்த உறுப்பிலிருந்து? பருவம்தோறும் கிடைத்த மீன்களை அறுத்து, உறுப்பு உறுப்பாக எடைபோட்டார் மீஷர். உடலின் இரு பக்கங்களிலும் நீண்டு கிடக்கும் பெரிய பக்கத் தசை மெலிந்துகொண்டே வந்தது. துடுப்புகளை இயக்கும் தசைகளும் இதயமும் அவ்வாறு மெலியவில்லை. பக்கத் தசையே சினைக்குக் கைம்முதல் என்று அவர் முடிவு செய்தார்.

ஆய்வின் சிறப்பு

இந்த ஆய்வின் முதற்சிறப்பு, அவர் முழு அளவுகளைக் கொண்டு கணக்கிட்டதாகும். இது சிறு செய்தி போலத் தோன்றும். ஆனால் இதைக் கைவிட்டதால் பிற்காலத்தில் வந்த எத்தனையோ ஆய்வுகள் பயனற்றுப் போயின. ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம்.

ஒரு மீனின் தசை 1000 கிராம் என்று கொள்வோம். அதில் புரதம் 200 கிராம், கொழுப்பு 100 கிராம், நீர் 690 கிராம், உப்புகளும் பிறவும் 10 கிராம். பயணத்தில் 80 கிராம் கொழுப்பு மட்டும் செலவாகிவிட்டது. மற்றவை மாறவில்லை என்க. இப்போது தசையின் எடை 920 கிராம். புரதத்தின் விழுக்காடு 20-லிருந்து 21.7 ஆகிவிடும். விழுக்காட்டை மட்டும் பார்ப்பவர், 'முட்டையிடும் காலத்தில் தசையில் புரதம் பெருகுகிறது' என்று எழுதிவிடுவார். ஒரு கிராம் புரதம்கூடப் பெருகவில்லை!

மாறாக, 80 கிராம் கொழுப்புடன் 40 கிராம் புரதமும் போய்விட்டது என்று கொண்டால், தசை 880 கிராம், புரதம் 160 கிராம், விழுக்காடு 18.2. புரதத்தில் ஐந்தில் ஒரு பங்கு தொலைந்தும், வரைபடத்தில் கோடு இரண்டு புள்ளிகூட இறங்குவதில்லை.

மெய்யான மீனில் நிலைமை இன்னும் சிக்கலானது. கொழுப்பு நீங்கிய இடத்தில் பெரும்பாலும் நீர் வந்து நிரம்புகிறது. கொழுப்பு மிகுந்த மீன்களில் நீரும் கொழுப்பும் சேர்ந்து ஏறத்தாழ 80 விழுக்காடாகவே இருக்கும் என்பது நன்கு அறியப்பட்ட உண்மை. காட் மீனோ இதற்கு மாறானது. அது கொழுப்பை ஈரலில் சேமிக்கிறது. அதன் தசையில் ஒரு விழுக்காடு கொழுப்பும் இராது. முட்டையிட்டுப் பட்டினியில் வாடும் காட் மீனில் புரதம் வெளியேற, நீர் அதன் இடத்தைப் பிடிக்கிறது. ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் மால்கம் லவ் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. இந்நிலையில் உறுப்பின் மொத்த எடை தெரியாத விழுக்காடு நமக்கு எதையும் சொல்வதில்லை.

ஆய்வின் குறைகள்

மீஷரின் கணக்கில் குறைகளும் உண்டு. முதலாவது, எந்த மீனையும் இருமுறை அறுத்து எடைபோட முடியாது. மார்ச்சில் பிடித்த மீனும் நவம்பரில் பிடித்த மீனும் வெவ்வேறு மீன்கள். ஒரே நீளமுள்ள மீன்கள் ஆற்றில் நுழையும்போது ஒரே செழிப்புடன் இருந்தன என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடவேண்டும். இத்துறையில் யார் ஆய்ந்தாலும் இந்த இடர்ப்பாடு உண்டு. எனினும் அதை மறந்துவிடலாகாது.

இரண்டாவது குறை பெரியது. அவர் தசையின் இழப்பையும் சினையின் ஆதாயத்தையும் எதிரெதிரே வைத்தார். ஆனால் எதிர்நீச்சலுக்கும் உயிர் வாழ்வதற்கும் ஆகும் செலவை உரிய அளவில் கணக்கில் கொள்ளவில்லை. 1898-இல் நோயல் பேட்டன் தலைமையில் ஸ்காட்லாந்து சால்மன் பற்றி வெளியான அறிக்கை இக்குறையை நிறைவு செய்தது. தசை இழக்கும் கொழுப்பில் பெரும்பகுதி சினைக்குச் செல்வதில்லை. அது எரிபொருளாகவே செலவாகிறது என்று அது காட்டிற்று.

மூன்றாவது குறை, காரணம் பற்றியது. தசைக்குப் போதிய இரத்தமும் ஆக்சிஜனும் கிட்டாமையால் அது கரைகிறது என்று மீஷர் கருதினார். ஹார்மோன் என்ற சொல்லே பிறவாத காலம் அது. ஆகவே அவரைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால் இன்று நமக்குத் தெரிந்த வழி வேறு. தசை உயிரணுக்களில் உள்ள கதெப்சின் போன்ற என்சைம்கள் புரதத்தை அமினோ அமிலங்களாகச் சிதைக்கின்றன. 1990-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சம் சால்மன் தசையில் இவ்வகை என்சைம்களின் செயல் மிகுதியைக் கண்டனர். அமினோ அமிலங்களின் நைட்ரஜனும் கரியும் பெரிதும் அலனின் வடிவில் தசையை விட்டு வெளியேறுகின்றன என்று 1980-இல் மாம்சென், பிரெஞ்ச், ஹோச்சாச்கா ஆகிய மூவர் எடுத்துக்காட்டினர். மேலும், சிதைவது வெண்தசையே. நெடுந்தூரம் ஓயாது நீந்த உதவும் செந்தசை காக்கப்படுகிறது.

தசையிலிருந்து வந்த சரக்கு நேரே சினைப்பைக்குப் போவதில்லை. ஈஸ்ட்ராடையால் என்னும் ஹார்மோனின் தூண்டுதலால் ஈரல், வைட்டெல்லோஜெனின் என்னும் புரதத்தைத் தயாரித்து இரத்தத்தில் விடுகிறது. அதை உள்வாங்கியே முட்டைகள் கரு மஞ்சளைச் சேர்த்துக்கொள்கின்றன. எனவே 'தசை கரைந்து முட்டையாகிறது' என்ற வாசகம் பாதி உண்மை. இடையில் ஈரல் என்னும் தொழிற்சாலையும், அதற்கு ஆணையிடும் ஹார்மோனும் விடுபட்டுப்போயின.

தியாகக் கதை

பொதுமக்களுக்காக எழுதப்படும் கட்டுரைகளில் இந்த ஆய்வு வேறு உருவம் கொள்கிறது. தாய்மீன் தன் தசையைக் கரைத்துக் குஞ்சுகளுக்குக் கொடுத்துவிட்டு, களைத்து உயிர் விடுகிறது என்று கண்ணீர் வரும்படி எழுதுகிறார்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. சான்றுகளோடு பொருந்துகிறதா?

முதலில், மீஷர் ஆய்ந்தது அட்லாண்டிக் சால்மன். முட்டையிட்டபின் அதில் பல இறந்தாலும், சில கடலுக்குத் திரும்பி மறுபடியும் வருவதுண்டு. ஒருமுறை முட்டையிட்டதும் தவறாது இறப்பவை பசிபிக் இனங்களான சாக்கை, சம் போன்றவை. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதே முதற்பிழை.

அடுத்து, 1959-இல் ஐட்லர், கிளெமன்ஸ் என்ற இருவர் கனடாவின் பிரேசர் ஆற்றுச் சாக்கை சால்மனின் ஆற்றல் செலவைக் கணக்கிட்டனர். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீந்தி ஸ்டூவர்ட் ஏரிப் பகுதியை அடையும் மீன்கள், தம் கொழுப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இழக்கின்றன. பெண்மீன் புரதத்திலும் பாதிக்கு மேல் இழக்கிறது. ஆண்மீனோ, சினையளவுக்கு விந்தகம் பெரிதாக வளராத போதிலும், புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழக்கிறது, அதுவும் இறக்கிறது. தாய்மைத் தியாகம் என்ற விளக்கம் தந்தை மீனின் சாவுக்கு எவ்வாறு பொருந்தும்?

இன்னும் வலுவான சான்று ஒன்று உண்டு. சாக்கை இனத்தின் ஏரிவாழ் வகை கோக்கனி. அது கடலுக்கே போவதில்லை, நெடும்பயணமும் அதற்கில்லை. எனினும் இனப்பெருக்கம் முடிந்ததும் இறந்துவிடுகிறது. 1961-இல் ராபர்ட்சன் என்ற அறிஞர், இனப்பெருக்க உறுப்புகள் வளரத் தொடங்குமுன் கோக்கனி மீன்களிலிருந்து அவற்றை நீக்கிவிட்டார். வழக்கமாக நான்கு ஆண்டளவில் மடியும் மீன்களில் சில, எட்டு ஆண்டு வரை உயிர் வாழ்ந்தன! ஆகவே களைப்பு மட்டும் சாவுக்குக் காரணமாகாது. இனப்பெருக்கத்தோடு பொங்கி எழும் ஹார்மோன்கள், குறிப்பாகக் கார்ட்டிசால், உடலைக் குலைப்பதில் பெரும்பங்கு கொள்கின்றன.

மாணவர்க்கு ஒரு சொல்

நம் நாட்டுக் கல்லூரிகளில் மீன் தசையின் புரதம், கொழுப்பு, கிளைக்கோஜன் ஆகியவற்றை மாதந்தோறும் அளந்து, சினை முதிர்ச்சியோடு ஒப்பிடும் ஆய்வுகள் ஏராளமாகச் செய்யப்பட்டுள்ளன. தசையில் கொழுப்பு குறையும் மாதத்தில் சினை பருத்தால், ஒன்று மற்றொன்றாக மாறியது என்று முடிவு கட்டிவிடுவது எளிது. மீஷருக்கு அவ்வாறு சொல்ல உரிமை இருந்தது. ஏனெனில் அவரது மீன் உண்ணவில்லை. கெண்டை இன மீன்கள் சினை முதிரும் மாதங்களிலும் உண்கின்றன. வரவு நடந்துகொண்டிருக்கும்போது, கையிருப்பின் குறைவை மட்டும் பார்த்துச் செலவைக் கணிக்க முடியுமா? உணவு எவ்வளவு, உறுப்பின் மொத்த எடை எவ்வளவு, நீர் எவ்வளவு என்ற மூன்றையும் கேட்காத அட்டவணை வெறும் எண்களின் வரிசையே.

ஆற்றில் இந்தக் கணக்கு

மீஷரின் ஆய்வு அருங்காட்சியகப் பொருளாகிவிடவில்லை. சால்மன் கட்டுச்சோற்றோடு வழிநடப்பவரைப் போன்றது. வழியில் வேறு சோறு கிடையாது. அணை ஒன்று குறுக்கிட்டால், வழி தேடி அலைவதற்கு அதே சோறுதான் செலவாகும். ஆற்று நீர் வெப்பமடைந்தால், சும்மா இருப்பதற்கே கூடுதல் ஆற்றல் வேண்டும். செலவு கைம்முதலை மிஞ்சினால் மீன் முட்டையிடும் இடத்தை எட்டாது.

மீஷர் ஆய்ந்த ரைன் சால்மன், அணைகளாலும் மாசினாலும் மிகையான மீன்பிடிப்பாலும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அற்றுப்போயிற்று. 1986 நவம்பரில் பாசலுக்கு அருகே ஒரு வேதிப்பொருள் கிடங்கு தீப்பற்றி, நஞ்சு கலந்த நீர் ஆற்றில் பாய்ந்து, கீழ்நோக்கி நெடுந்தூரத்துக்கு மீன்கள் மடிந்தன. அதன்பின் 1987-இல் ரைன் கரை நாடுகள் ஒன்றுகூடி, சால்மனை மீட்கும் திட்டத்தை வகுத்தன. மீன்கள் ஆற்றுக்குத் திரும்பிவிட்டன. ஆனால் அவை 2020-க்குள் தடையின்றிப் பாசல் வரை ஏறிவர வேண்டும் என்ற குறிக்கோள் நிறைவேறவில்லை. மேல்ரைனில் சில அணைகளுக்கு மீன்வழி அமையாமையே காரணம்.

மீஷரின் விளக்கங்களில் சில காலாவதியாகிவிட்டன. அவரது கேள்வியும் எடைத்தட்டும் காலாவதியாகவில்லை. நியூக்ளீனைக் கண்டவர் என்று அவரைப் போற்றும் பாடநூல்கள், இந்த இரண்டாம் பணிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குமானால் மாணவர்கள் பெரிதும் பயனடைவர்.