நோயாளிப் பிள்ளையும் கதையில் வரும் டொக்டரும்

எமது சிறுகதைகளில் நோயுற்ற பிள்ளை அடிக்கடி வருகின்றது. பிள்ளைக்குக் காய்ச்சல். உம்மா தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறாள். டொக்டர் இல்லை, இருந்தாலும் எரிந்து விழுகிறார். பிள்ளை மௌத்தாகிறது, கதையும் முடிகிறது. வாசகரின் கண் கலங்குகின்றது. ஆனால் டொக்டர் ஏன் அப்படி நடந்துகொண்டார், உம்மா எதைக் கேட்க நினைத்து எதைக் கேட்காமல் திரும்பினாள் என்பன கதைக்கு வெளியிலேயே நின்றுவிடுகின்றன. இதே விடயத்தை எழுதிய இரண்டு பெருங் கதைஞர்களை அருகில் வைத்துப் பார்த்தால் குறை எங்கே இருக்கின்றது என்பது புலப்படும்.

பிரேம்சந்தின் 'மந்திரம்' கதையை முதலில் எடுத்துக்கொள்வோம். டொக்டர் சத்தா கோல்ஃப் விளையாடப் புறப்படும் நேரம், கிழவன் பகத் தன் பிள்ளையை டோலியில் கொண்டு வருகிறான். ஏழு பிள்ளைகளில் எஞ்சியது அது ஒன்றுதான். தலைப்பாகையைக் கழற்றி வாசற்படியில் வைத்து மன்றாடுகிறான். இது நோயாளி பார்க்கும் நேரமல்ல, நாளைக் காலையில் வா என்று சொல்லிவிட்டு டொக்டர் காரில் ஏறுகிறார். அன்றிரவே பிள்ளை இறந்துவிடுகின்றது. இங்கே டொக்டர் அரக்கனல்ல; நேர ஒழுங்கு தவறாத கனவான். அந்த ஒழுங்குதான் கொல்கின்றது என்பதைப் பிரேம்சந்த் ஒரு வசைச் சொல்லும் இல்லாமல் காட்டிவிடுகிறார்.

ஆனால் கதையின் பிற்பகுதி எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. வருடங்கள் சென்று டொக்டரின் மகனைப் பாம்பு தீண்டுகின்றது. பகத் வந்து மந்திரித்து அவனைப் பிழைக்க வைக்கிறான். பாம்புக் கடிக்கு மந்திரமல்ல, விஷமுறிவு மருந்தே வேண்டும் என்று வகுப்பில் படிப்பிக்கும் எம் போன்றோருக்கு இவ்விடம் இடறத்தான் செய்யும். அதைவிடப் பெரிய குறை வேறு. நோயாளிக்கு ஏன் கதவு அடைக்கப்பட்டது என்ற கேள்வி, யார் பெருமனம் படைத்தவர் என்ற கேள்வியாக மாறிவிடுகின்றது. எனினும், போகமாட்டேன் என்று வாய் சொல்ல, அந்த நள்ளிரவில் பகத்தின் கால்கள் தாமாகவே நடக்கும் இடம் இருக்கின்றதே, அது பிரேம்சந்தால் மட்டுமே முடியும். எம்மவர் இக்கதையிலிருந்து பெற்றுக்கொண்டது அந்த இடத்தை அல்ல, 'டொக்டருக்கும் ஒரு நாள் வரும்' என்ற சாபத்தை மாத்திரமே.

செக்கோவ் தாமே ஒரு டொக்டர். 1884இல் மொஸ்கோப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் படிப்பை முடித்தவர். 1887இல் அவர் எழுதிய 'தப்பியோடியவன்' கதையில், ஏழு வயதுப் பாஷ்காவை அவன் தாய் இரவிரவாக மழையில் நடத்திக் கூட்டி வந்து வரிசையில் காத்து நிற்கிறாள். முழங்கை மூட்டைப் பார்த்ததும், பிள்ளையின் கையை அழுகவிட்டாயே என்று டொக்டர் அவளைத் திட்டுகிறார். அதே மனிதர் அடுத்த நிமிடம் பாஷ்காவுக்கு நரி காட்டுவதாக ஆசை சொல்லி அவனை வாட்டில் நிறுத்திக்கொள்கிறார். அந்தக் கோபத்தில் பொய் இல்லை. எலும்பைப் பற்றி அவர் சொன்னது சரி. ஆனால் இரவிரவாக நடந்து வந்த அந்தப் பெண்ணைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. சரியான சிகிச்சையும் தவறான பேச்சும் ஒரே வாயிலிருந்து வருவதை இக்கதை காட்டுகின்றது.

அதே ஆண்டில் வெளிவந்த 'பகைவர்கள்' இன்னும் ஆழமானது. டொக்டர் கிரிலோவின் ஒரே மகன் தொண்டைக்கரப்பானால் இறந்து சில நிமிடங்களே ஆகியிருக்கின்றன. அந்த வேளையில், தன் மனைவிக்குச் சுகமில்லை என்று அபோகின் வந்து அழைக்கிறான். இங்கே பிள்ளையை இழந்த தகப்பன் டொக்டர்தான். போன இடத்தில், மனைவி நோயென்று நடித்துவிட்டு வேறொருவனுடன் போய்விட்டது தெரிய வருகின்றது. துயருற்ற இருவரும் ஒருவருக்கொருவர் ஆறுதலாவதற்குப் பதிலாகக் கடித்துக் குதறிக்கொள்கிறார்கள். துன்பம் மனிதரைத் தானாகவே நல்லவராக்கிவிடும் என்ற எமது வழக்கமான நம்பிக்கையைச் செக்கோவ் இதில் உடைத்துவிடுகிறார்.

எமது சூழலில் எழுதுவதற்கு விடயம் இல்லாமலில்லை. அரச ஆஸ்பத்திரியில் மருத்துவம் இலவசம்தான். ஆனால் மருந்து முடிந்துவிட்டால் வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு வருகின்றது. 2022 பொருளாதார நெருக்கடியில் அந்தத் துண்டோடு பாமசி பாமசியாக அலையாத குடும்பங்கள் குறைவு. கிளினிக் கொப்பியில் ஆங்கிலத்தில் எழுதியதை வாசித்துச் சொல்லுமாறு எத்தனையோ தாய்மார் ஆசிரியர்களிடம் கொண்டு வருகிறார்கள். சிங்களத்தில் கேட்ட கேள்விக்குத் தமிழில் முழுப் பதில் வைத்திருந்தும் 'ஓம்' என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பி வந்த வாப்பா எமது ஊர்களில் இருக்கிறார். அவர் சொல்லாமல் விட்ட அந்தப் பதிலில்தான் நோயின் பாதி வரலாறு இருக்கின்றது. டொக்டருக்கு அது கிடைக்கவில்லை. எமது கதாசிரியர்களும் அதைத் தேடவில்லை.

இவ்விடயத்தை எழுதப் போகும் இளம் படைப்பாளிகளிடம் ஒன்று கேட்கலாம். பிள்ளையைக் கதையில் சாகடிக்க அவசரப்படாதீர்கள். உயிரோடு இருக்கும் பிள்ளைக்காக மாதா மாதம் விடியற் பஸ்ஸில் போய் வரும் தாயின் பொறுமையையும் எரிச்சலையும், நூறாவது நோயாளியைப் பார்க்கும் டொக்டரின் களைப்பையும் ஒரே கதையில் வையுங்கள். அப்போது யாரைக் குற்றம் சாட்டுவது என்று வாசகர் திணறுவார். அழுது முடித்தவர் கதையை மறந்துவிடுவார், திணறியவர் மறக்கமாட்டார்.