பெயர் ஒன்றே போதும்

கலைஞர்களின் வாழ்க்கையைக் கூறும் திரைப்படங்களுக்கென்று வழிவழியாக வந்த பாதை ஒன்று உண்டு. வறுமையில் பிறப்பு, தற்செயலாய் வெளிப்படும் திறமை, திடீர்ப் புகழ், துன்பம், மீட்சி, இறுதியில் அரங்கம் அதிரும் கரவொலி. இப்பாதையில் செல்லும் படங்களுள் பெரும்பாலானவை பார்த்த மறுநாளே மனத்தை விட்டு அகன்றுவிடுகின்றன. 1993-இல் வெளிவந்த 'வாட்ஸ் லவ் காட் டு டூ வித் இட்' என்னும் அமெரிக்கப் படமும் அதே பாதையில் நடப்பதுதான். எனினும், பாடகி டினா டர்னர் 2023 மே மாதத்தில் தமது 83-ஆம் வயதில் மறைந்த செய்தி கேட்டு அதனை மீண்டும் பார்த்தபோது, அதன் குறைகளும் நிறைகளும் முன்னிலும் தெளிவாக நமக்குப் புலப்பட்டன. ஒரு பெண் தன் பெயரைத் தனதாக்கிக்கொண்ட கதை இது. அந்தக் கண்கொண்டு பார்த்தால்தான் இப்படம் தன் முழுப் பொருளையும் தருகிறது.

டினா டர்னர் 1986-இல் வெளியிட்ட 'நான், டினா' என்னும் தன்வரலாற்றைத் தழுவி, பிரையன் கிப்சன் இப்படத்தை இயக்கினார். டினாவாக ஏஞ்சலா பாசெட்டும், கணவர் ஐக் டர்னராக லாரன்ஸ் ஃபிஷ்பர்னும் நடித்தனர். இருவர் பெயரும் ஆஸ்கார் விருதுக்கு முன்மொழியப்பட்டன.

டினா என்பது பெற்றோர் இட்ட பெயரன்று. 1939-இல் டென்னசி மாநிலத்தில் பிறந்த அவருடைய இயற்பெயர் அன்னா மே புல்லக். நட்புஷ் என்னும் சிற்றூரில் பருத்தி வயல்களுக்கிடையே வளர்ந்தவர். 1960-இல் முதல் இசைத்தட்டு வெளிவந்தபோது ஐக் அவருக்கு 'டினா டர்னர்' என்று பெயர் சூட்டினார். அப்போது இருவருக்கும் திருமணம்கூட ஆகியிருக்கவில்லை; திருமணம் நடந்தது 1962-இல். சூட்டியதோடு நில்லாமல், அப்பெயரைத் தம் உடைமையாகப் பதிவும் செய்துகொண்டார் ஐக். இந்தப் பெண் விட்டுப் போனால் வேறொருத்தியை அழைத்து வந்து அதே பெயரில் மேடையேற்றலாம் என்பது அவர் கணக்கு.

இக்கணக்கின் வேர் எங்கே இருக்கிறது என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். 1951-இல் ஐக்கின் குழு பதிவு செய்த 'ராக்கெட் 88', ராக் இசையின் முதல் இசைத்தட்டு என்று பலராலும் போற்றப்படுவது. ஆனால் அது வெளிவந்தபோது, அதில் பாடியவரான ஜாக்கி பிரென்ஸ்டனின் பெயரே தட்டின்மேல் இருந்தது. தம் உழைப்பு பிறர் பெயரில் உலவுவதைக் கண்டு புழுங்கியவர், பின்னர் மற்றொருவரின் குரலையே தம் பதிவுப் பெயருக்குள் பூட்டி வைத்தார். இழைக்கப்பட்ட அநீதி ஒருவனை நல்லவனாக்கும் என்பதற்கு உறுதியில்லை. சில வேளைகளில் அது அவனுக்கு அநீதி செய்யும் முறையைக் கற்பித்துவிடுகிறது.

இவ்வகைக் கதைகளைக் கேட்டவுடன் நம் வீடுகளில் எழும் முதற்கேள்வி, "இவ்வளவு அடிபட்டவள் ஏன் முன்னமே வெளியேறவில்லை?" என்பது. கேள்வி எளியது, கேட்பவர்க்கு வலியும் இல்லை. இப்படம் அதற்கு உரையாடலால் விடை சொல்லாமல் காட்சிகளால் சொல்கிறது. தொடக்கத்தில் சிறுமி அன்னா மே வீடு திரும்புகையில் தாய் வீட்டை விட்டுப் போய்விட்டிருக்கிறாள். விட்டுச் செல்லப்படுவதன் வேதனையைப் பிஞ்சு வயதிலேயே அறிந்தவள், பிறரை விட்டுச் செல்ல எளிதில் துணியமாட்டாள். எல்லோரும் தம்மைக் கைவிட்டனர் என்று ஐக் கலங்கும்போது, நான் போகமாட்டேன் என்று அவர் வாக்களிப்பது அந்தப் பழைய காயத்திலிருந்துதான். வீட்டில் நான்கு பிள்ளைகள். அவர்களுள் இருவர் ஐக்கின் முன் உறவில் பிறந்தவர்கள். கணவரே முதலாளி, அவரே இசையமைப்பாளர், பணப்பெட்டியின் சாவியும் அவரிடமே. வீட்டை விட்டு வெளியேறினால் அதே கணத்தில் தொழிலையும், வருவாயையும், பெயரையும் விட்டாக வேண்டும். இத்தனை பூட்டுகளையும் காட்டிய பின்னர்தான் படம் கதவைத் திறக்கிறது.

ஃபிஷ்பர்ன் ஐக்கை வெறும் அரக்கனாக ஆக்கிவிடாதது பெரும் சிறப்பு. முதற்பாதியில் அவருடைய புன்னகையில் நாமும் ஏமாறுகிறோம். அதனாலேயே உணவகக் காட்சி நம்மை நிலைகுலையச் செய்கிறது. பலர் பார்த்திருக்க, வேண்டாம் என்னும் மனைவியின் வாயில் கேக்கைத் திணித்து முகத்தில் அப்புகிறார் ஐக். அங்கே ஒழுகும் குருதியைவிட, சுற்றியிருப்போரின் மௌனமே கொடிது. வருந்தத்தக்க செய்தி ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். 2013-இல் வெளியாகிப் பெரும் புகழ்பெற்ற பாடல் ஒன்றில் அக்காட்சியின் வசனம் காதல் விளையாட்டுப் பேச்சைப் போல் எடுத்தாளப்பட்டது. துன்பத்தைத் தத்ரூபமாகக் காட்டினால் போதும், பார்ப்பவர் மனம் திருந்திவிடும் என்று நம்புவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

பின்னணிப் பாடலுக்குப் பழகிய நமக்கு வேறொரு நுட்பமும் சுவை தரும். திரையில் ஆடுபவர் ஏஞ்சலா பாசெட், பாடுபவர் டினாவே. இப்படத்திற்கென்று தம் பழைய பாடல்கள் பலவற்றை அவர் புதிதாகப் பாடிக் கொடுத்தார். தம் வாழ்க்கைக்குத் தாமே பின்னணி பாடியவர் அவர். ஆயினும், 1993-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் செய்தியாளர்கள் கேட்டபோது, தாம் இப்படத்தைப் பார்க்கவில்லை என்றார். தம் காயங்களை நடிகையிடம் ஒப்படைத்தவர், குரலை மட்டும் யாரிடமும் ஒப்படைக்கவில்லை.

1976 ஜூலைத் தொடக்கம். அமெரிக்கா தன் 200-ஆம் விடுதலை ஆண்டு விழாவுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. டல்லஸ் நகரில், விடுதிக்குச் செல்லும் காரிலேயே அடி விழுகிறது. முதன்முறையாக டினா திருப்பி அடிக்கிறார். ஐக் உறங்கிய பின், குருதிக் கறை படிந்த உடையோடு நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்து எதிர்ப்புற விடுதிக்கு ஓடுகிறார். கையில் இருந்தவை 36 சென்டும் ஒரு பெட்ரோல் கடன் அட்டையும் மட்டுமே. பணம் பின்னர் தருகிறேன், ஓர் அறை தாருங்கள் என்று அவர் கேட்கும் குரலில் அழுகை இல்லை; இரந்து நிற்கும் பணிவும் இல்லை. பாசெட்டின் நடிப்பில் மிக உயர்ந்த கணம் இதுவே என்போம்.

அதற்கு இணையானது நீதிமன்றக் காட்சி. மணமுறிவு 1978-இல் முடிவானது. பாடல்களின் வருவாயில் பங்கு வேண்டாம், சொத்து வேண்டாம், பெயர் ஒன்றே போதும் என்கிறார் டினா. அந்தப் பெயர் கணவர் இட்டது. கணவரின் குடும்பப் பெயரைத் தாங்கியது. அதை எறிந்துவிட்டு அன்னா மேயாகத் திரும்புவதல்லவா விடுதலை என்று சிலர் வினவலாம். அல்ல. பெயரை இட்டவர் ஒருவர். பதினாறு ஆண்டுகள் மேடையில் வியர்வை சிந்தி அதற்குப் பொருளை ஊட்டியவர் மற்றொருவர். உழுதவருக்கே நிலம் என்பது போல, உழைத்தவருக்கே பெயர். திருமணத்தன்று தந்தையின் முதலெழுத்து போய்க் கணவரின் முதலெழுத்து வந்து அமர்வதை இயல்பாகக் கொண்ட நம் குடும்பங்களுக்கு, இவ்வழக்கு அயல்நாட்டு வழக்காகத் தோன்ற வேண்டியதில்லை. ஐக் டர்னர் 1999-இல் வெளியிட்ட தம் தன்வரலாற்றுக்கு, 'என் பெயரை மீட்கிறேன்' என்று பொருள்படும் தலைப்பை இட்டார் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

இனிக் குறையைச் சொல்வோம். வெளியேறிய இரவோடு டினாவின் போராட்டம் பெரும்பாலும் முடிந்துவிட்டதாகப் படம் கருதிவிட்டது. நடந்ததோ வேறு. தடைப்பட்ட நிகழ்ச்சிகளுக்கான கடன் அவர் தலையில் விழுந்தது. அரசு தரும் உணவுச் சீட்டுகளில் குடும்பம் நடந்தது. விடுதிகளிலும் தொலைக்காட்சிப் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளிலும் கிடைத்த வேலைகளைச் செய்தார். அவ்வாறு எட்டு ஆண்டுகள் உழைத்த பின்னரே, 1984-இல் 'பிரைவேட் டான்சர்' இசைத்தொகுப்பு வந்தது. இப்படத்திற்குத் தலைப்பாக அமைந்த பாடல் அவருடைய 44-ஆம் வயதில் அமெரிக்காவின் முதலிடத்தை எட்டியது. 1988-இல் ரியோ நகரின் மரகானா அரங்கில் ஏறத்தாழ 1,80,000 பேர் அவர் பாட்டைக் கேட்கத் திரண்டனர். இந்த எட்டு ஆண்டு உழைப்பு படத்தில் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறது. அதற்கு மாறாக, இறுதி மேடைக் காட்சிக்கு முன்னரும் ஐக் துப்பாக்கியோடு வந்து நிற்கிறார். அவளுடைய வெற்றி நாளிலும் அவர் எதற்கு?

மும்பையின் திரையுலகைக் களமாகக் கொண்டு 1977-இல் ஷியாம் பெனகல் எடுத்த 'பூமிகா' இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. மராத்தி நடிகை ஹன்சா வாட்கரின் தன்வரலாற்றைத் தழுவியது அது. பாட்டியிடம் இசை பயின்ற உஷா, தன் வருவாயில் வாழும் கணவனை விட்டு வெளியேறுகிறாள். ஆனால் ஓர் ஆணின் வீட்டிலிருந்து மற்றோர் ஆணின் வீட்டிற்கே போய்ச் சேர்கிறாள். இறுதியில் அவளுக்கு எஞ்சுவது விடுதியறைத் தனிமை. டினாவின் படம் விடுதியறையை விடுதலையின் வாயிலாகக் காட்டுகிறது. 'பூமிகா' அதே அறையை ஒரு கேள்வியாக நிறுத்துகிறது. கதவைத் தாண்டிய பெண்ணுக்கு அடுத்த நாள் எப்படி விடிகிறது என்று கேட்கும் துணிவு பெனகலிடம் மிகுதி.

ஊரை விட்டு வந்து வேற்றிடத்தில் வேர் பிடித்தவர்கள் நாம். புறப்படுதல் ஓர் இரவின் செயல், நிலைபெறுதல் பல ஆண்டுகளின் உழைப்பு என்பது நமக்கு எவரும் கற்பிக்க வேண்டாத பாடம். ஆகவே இப்படத்தைப் பார்ப்போருக்கு நாம் கூறுவது ஒன்றுதான்: நெடுஞ்சாலையை ஓடிக் கடந்த பெண்ணுக்காகக் கண்ணீர் விடுங்கள், தவறில்லை. ஆனால் மறுநாள் காலையில் கடனோடும் பிள்ளைகளோடும் எழுந்து, ஒரு பெயரை மட்டும் முதலாக வைத்துத் தொழில் தொடங்கிய பெண்ணை மறந்துவிடாதீர்கள். நம் தெருவிலும் அத்தகையவர் ஒருவர் இருக்கக்கூடும். அவரிடம் ஏன் இவ்வளவு காலம் பொறுத்தீர்கள் என்று கேட்பதை விடுத்து, இனி நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கப் பழகினால், இப்படம் நமக்கும் பயன்பட்டதாகும்.