செவியும் விலையும்

இசையைக் கேட்போர் ஒரு வகையினர். இசையை ஒலிக்கும் கருவியைக் கேட்போர் மற்றொரு வகையினர். இவ்விரு திறத்தாரையும் ஒன்றாக எண்ணி மயங்கும் வழக்கம் நம் நாட்டுத் தமிழரிடையே வேரூன்றி வருகின்றது. பல்லாயிரம் வெள்ளி கொடுத்து வாங்கிய ஒலிபெருக்கியைக் கூடத்தில் நிறுத்தியிருப்பவரே இசையறிஞர் என்றும், கைக்கடக்கமான வானொலியில் பாட்டுக் கேட்பவர் இசையை இன்னும் முழுமையாகக் கேட்டறியாதவர் என்றும் சிலர் கூசாமல் கூறுகின்றனர். லூமுட்டிலும் சித்தியவானிலும் எழுந்துள்ள வரிசை வீடுகளில் குடியேறிய நம்மவருள் பலர் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள். அவர்தம் பெற்றோரின் இசைநுகர்வையே இக்கூற்று இழித்துரைக்கின்றது. ஆதலின் இதனை வெறும் பொழுதுபோக்குச் செய்தி என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை.

அப்பெற்றோர் எதனைக் கேட்டனர்? லயத்து வீடொன்றில் இருந்த வானொலிப் பெட்டியைச் சுற்றி நாலைந்து குடும்பங்கள் அமர்ந்து கேட்டன. திருவிழா நாளில் கோயில் மரத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கியின் வழியே கேட்டனர். அக்கூம்பு ஆழ்ந்த ஒலிகளையும் உச்ச ஒலிகளையும் பெரும்பாலும் விழுங்கிவிடும். மனிதக் குரலுக்கு இன்றியமையாத இடைப்பகுதியை மட்டுமே உரக்கத் தரும். ஆயினும் பால்வாளியோடு நின்று கேட்ட தொழிலாளி, சீர்காழி கோவிந்தராசன் குரலையும் டி. எம். சௌந்தரராசன் குரலையும் முதற்சொல்லிலேயே பிரித்தறிந்தார். பாடகர் எந்த இடத்தில் மூச்செடுத்தார் என்பதையும் அறிந்தார். இசையறிவு கருவியின் விலைச்சீட்டில் இல்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

மேலைநாட்டார் ஆடியோபைல் என வழங்கும் ஒலிநாட்டத்தாருள்ளும் பல திறத்தார் உளர். ஒருவர் ஆண்டுதோறும் கருவி மாற்றுவார். அவரிடமுள்ள இசைத்தட்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றிலும் ஒரு பாட்டை முடிவுவரை கேட்கமாட்டார். தாளவோசை அதிரும் இடம் வந்ததும், "கேட்டீர்களா?" என்று நம் முகத்தைப் பார்ப்பார். நாம் தலையசைத்ததும் அடுத்த தட்டுக்குத் தாவிவிடுவார். மற்றொருவர் எண்களில் மயங்குபவர். தம் கருவி 40,000 ஹெர்ட்ஸ் வரை ஒலிக்கும் என்பது அவர்தம் பெருமிதம். நல்ல செவியுடைய இளைஞருக்கே கேள்வியின் எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். அகவை ஐம்பதைக் கடந்தால் அவ்வெல்லை மேலும் சுருங்கும். வாங்கியவருக்குக் கேளாத ஒலிக்கு அவர் விலை கொடுத்திருக்கின்றார்! வீட்டு வௌவால் மகிழக்கூடும்.

பழமையை நாடுவோர் இன்னொரு திறத்தார். வால்வு ஆம்ப்ளிஃபயரும் சுழலும் கருந்தட்டும் இவர்க்கு உயிர். இவர்பால் எனக்குச் சற்றே பரிவு உண்டு. 1978இல் வெளிவந்த 'பிரியா' படப்பாடல்கள் ஸ்டீரியோ முறையில் பதிவானவை எனப் புகழ்பெற்ற காலத்தில் வளர்ந்தவர்கள், இளையராஜாவின் இசைத்தட்டை உறையினின்று எடுத்துத் துடைத்து முள்ளை இறக்கும்போது அடையும் இன்பம் பொய்யன்று. அது நினைவு தரும் இன்பம். அதனை நினைவின்பம் என்று சொல்லாமல், உண்மையொலி இதில் மட்டுமே உள்ளது என்று வாதிடும்போதுதான் வழக்கு எழுகின்றது. தாமே பற்றவைத்துப் பழுது நீக்கிக் கேட்போரும் சிலர் உளர். அவர்கள் பேசுவது குறைவு.

ஒலியின் நுண்மையை ஆராய்தல் தமிழர்க்குப் புதிதன்று. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையார் இலம்பகத்தைப் பயின்ற மாணவர் இதனை நன்கறிவர். இசைப்போட்டிக்கு வந்த சீவகன் தன்முன் வைக்கப்பட்ட யாழ்களை ஒவ்வொன்றாக நீக்குகின்றான். ஒன்றன் மரம் நீரில் நின்று இளகியது. ஒன்று வாளால் வெட்டுண்டது. ஒன்று இடியால் தாக்குண்டது. நரம்பிலும் குற்றம் காண்கின்றான். வெறுமனே 'இது நன்றன்று' என்று கூறி அவன் அமையவில்லை. நரம்பின் முறுக்கை நெகிழ்த்து, உள்ளே மயிர் இருப்பதை அவையோர் காண எடுத்துக் காட்டுகின்றான். திறனாய்வு என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு நம் காப்பியங்களில் அரிது. செவி கூறிய தீர்ப்பைக் கண் அறியும்படி மெய்ப்பித்தான் அவன். இன்றைய ஒலிநாட்டத்தார் ஆயிரக்கணக்கான வெள்ளிக்குக் கேபிள் வாங்கி, 'திரை விலகியது போல் இருக்கின்றது' என்கின்றனர். எங்கே அந்த மயிர் என்று கேட்டால் விடையில்லை. 'உமக்குச் செவி போதாது' என்னும் வசையே கிடைக்கின்றது.

மெய்ப்பிக்கும் வழி இல்லாமலில்லை. எந்தக் கருவி ஒலிக்கின்றது என்பதை மறைத்துவிட்டு, ஒலியளவைச் சமமாக்கி, கேட்பவரைப் பிரித்துச் சொல்லச் செய்வதே அது. ஒலியளவைச் சமமாக்குதல் இன்றியமையாதது. சற்றே உரத்து ஒலிப்பது 'தெளிவாக' இருப்பதாகவே செவிக்குத் தோன்றும். விற்போர் இதனை நன்கறிவர். 1987இல் அமெரிக்காவின் 'ஸ்டீரியோ ரிவியூ' இதழ், ஏறத்தாழ 220 டாலர் விலையுள்ளதிலிருந்து 12,000 டாலர் விலையுள்ளது வரை பல ஆம்ப்ளிஃபயர்களை இவ்வாறு ஒப்பிட்டது. கேட்டவர்களால் நம்பத்தக்க அளவில் அவற்றைப் பிரித்தறிய இயலவில்லை. 2007இல் மேயர், மோரன் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வில், உயர்நுண்மைப் பதிவையும் அதனைச் சாதாரணக் குறுந்தட்டின் தரத்திற்கு இறக்கியதையும் 554 முறை ஒப்பிட்டுக் கேட்கச் செய்தனர். சரியாக அமைந்தவை 276. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் ஏறத்தாழ அவ்வளவே வந்திருக்கும்.

இவற்றினும் சுவையானது 2022இல் நிகழ்ந்தது. மொபைல் ஃபிடெலிட்டி என்னும் அமெரிக்க நிறுவனத்தின் உயர்விலை இசைத்தட்டுகள், மூலநாடாவிலிருந்து எண்முறை கலவாமல் ஆக்கப்பட்டவை என அன்பர் பலரால் போற்றப்பட்டு வந்தன. அவற்றுட் பல, 2011 முதற்கொண்டே இடையில் எண்முறைப் பதிவு ஒன்றைக் கடந்து வந்தவை என்பது அவ்வாண்டு வெளிப்பட்டது. எண்முறை என்றாலே தம் செவி கூசும் என்று எழுதியவர்கள், அதனைத் தம் வீட்டில் பல ஆண்டுகள் கேட்டுப் புகழ்ந்திருக்கின்றனர்.

இவ்வளவும் கூறியதால் எல்லாக் கருவியும் ஒன்றே என்று முடிவு கட்டிவிடுதல் கூடாது. ஐயமும் ஒரு வகைச் செருக்காகிவிடும். தாம் கேட்டுப் பாராமலே எல்லாம் ஏமாற்று என்பாரும் நம்மிடை உளர். ஒலிபெருக்கிகளுக்கிடையே வேறுபாடு மெய்யாகவே உண்டு. திரைக்குப் பின் வைத்தாலும் அது கேட்கும். ஆனால் அங்கும் கண் குறுக்கிடுகின்றது. 1994இல் டூல், ஆலிவ் என்னும் அறிஞர்கள் ஒலிபெருக்கிகளை மறைத்தும் காட்டியும் மதிப்பிடச் செய்தபோது, கண்ணால் கண்டதும் மதிப்பெண்கள் மாறின. பெரிதாகவும் எழிலாகவும் இருந்தவை உயர்ந்தன. கேட்ட நாற்பதின்மரும் ஒலிக்கருவி நிறுவனம் ஒன்றில் பணியாற்றியவர்களே.

கருவியினும் பெரிய வேறுபாட்டைச் செய்வது அறை. நம் வரிசை வீடுகளின் வெறுஞ்சுவரும் ஓடு பதித்த தரையும் ஒலியைத் திருப்பி அடித்துக் குழப்பும். கனத்த திரைச்சீலை, நூல் நிறைந்த அலமாரி, தரையில் ஒரு விரிப்பு ஆகியவை செய்யும் நன்மையை எந்தக் கேபிளும் செய்யாது. (தமிழாசிரியர் வீடுகளுக்கு அலமாரி பற்றி நான் கூறவேண்டுவதில்லை.) கூரையில் மழை இறங்கும் மாலையில் எந்தப் பெட்டியும் ஒன்றுதான்.

பள்ளியில் இதனை ஒரு பயிற்சியாகவே நடத்தலாம். இரண்டு கருவிகள், ஒரு திரை, ஒரு காசு போதும். காசின் தலை, பூவுக்கேற்ப ஒரு மாணவர் திரைக்குப் பின்னிருந்து கருவியைத் தெரிவுசெய்து ஒலிக்கட்டும். மற்றவர் பத்துமுறை எழுதட்டும். வெறும் ஊகத்தால் பத்தில் ஒன்பதோ பத்துமோ சரியாகச் சொல்லும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றளவே. அவ்வாறு சொல்லும் மாணவர் இருப்பின் அவர் செவியை மெச்சுவோம். அவர் தந்தையின் வருவாயைக் கேட்கவேண்டா.

கருவியில் உண்மையான அக்கறை வேண்டிய இடம் வேறொன்று உண்டு. தோட்டத்து முதியோர் பாடிய தாலாட்டையும் ஒப்பாரியையும் கும்மியையும் கேசட்டில் பதிந்து வைத்தோர் நம் வட்டாரத்தில் உளர். லூமுட்டின் கடற்காற்றில் அந்நாடாக்களில் பூஞ்சை படர்கின்றது; இயக்கும் கருவிகளில் துரு ஏறுகின்றது. அவற்றைக் கணினிக்கு மாற்றுவதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பழுதில்லாத நாடாக்கருவி ஒன்றும், அதன் தலைப்பகுதியைத் துடைக்கச் சிறிது ஆல்ககாலும், மெல்லிய திருப்புளி ஒன்றும் போதும். பதிந்த கருவியின் தலைச்சாய்வும் ஒலிக்கும் கருவியின் தலைச்சாய்வும் ஒத்திராவிடில் குரல் மங்கிக் கேட்கும். தலையருகே உள்ள சிறு திருகாணியை மெல்லத் திருப்பினால் அது தெளியும். அத்தெளிவு, பக்கத்தில் அமர்ந்து தன் தமக்கையின் குரலுக்காகக் காத்திருக்கும் பாட்டிக்கும் கேட்கும்.