தோட்ட வீடுகளும் புல் செதுக்கியவளும்

சென்னையின் பழைய தோட்ட வீடுகளைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளுக்கு ஒரு வாய்பாடு உண்டு. முதலில் வீட்டைக் கட்டிய துரையின் பெயர். அடுத்து ஆண்டு. பிறகு தூண்கள், மாடிப்படி, பளிங்குபோல் மின்னும் சுண்ணாம்புப் பூச்சு, தோட்டத்து மரங்கள், கைமாறிய வரிசை, இன்றைய பயன்பாடு. நுங்கம்பாக்கத்து டவுட்டன் ஹவுஸ் 1798 வாக்கில் பெஞ்சமின் ரோபக் கட்டியது, பிறகு தளபதி ஜான் டவுட்டனுக்குப் போனது, 1875இல் பதவி பறிக்கப்பட்ட பரோடா அரசர் மல்ஹர் ராவ் அங்கே காவலில் வைக்கப்பட்டார், 1916 முதல் பெண்கள் கிறித்தவக் கல்லூரி அங்கே நடக்கிறது என்று படிப்போம். அடையாற்றங்கரையில் ஜேம்ஸ் பிராடி கட்டிய மாளிகை இன்று இசைக் கல்லூரி என்றும், மௌபரே தோட்டம் இன்று மெட்ராஸ் கிளப் என்றும் படிப்போம். எல்லாம் உண்மைதான். இந்தத் தகவல்களைத் திரட்டியவர்களின் உழைப்பு இல்லையென்றால் நகரத்தின் நினைவில் பாதி அழிந்திருக்கும்.

இந்த எழுத்தில் வீட்டின் முன்பக்கம் மட்டும் ஏன் இருக்கிறது என்பதே என் கேள்வி. தோட்ட வீடு என்பது தூண் நிறுத்திய ஒரு கட்டடம் மட்டுமன்று. பெரிய வளாகத்தின் நடுவே வீடு. தள்ளிச் சமையலறை, வேலையாட்களின் குடியிருப்பு, வண்டிக் கொட்டகை, குதிரை லாயம். கோட்டைக்கும் வீட்டுக்கும் நடுவே மைல் கணக்கில் தூரம் இருந்ததால் குதிரை இல்லாமல் அந்த வாழ்க்கையே கிடையாது. அரபுக் குதிரை வந்தது. பின்னாளில் ஆஸ்திரேலியக் குதிரை கப்பலில் வந்து இதே கடற்கரையில் இறங்கியது. குதிரைக்குக் கொள்ளு வேக வேண்டும். பச்சைப் புல் வேண்டும், அதுவும் நாள் தவறாமல். அந்தப் புல்லைக் கொண்டுவந்தவள் ஒரு பெண். மரபுக் கட்டுரைகளில் நான் தேடுவது அவளைத்தான்.

அவள் ஆவணத்தில் இல்லாதவள் அல்லள். ஜூலியா மெயிட்லாந்து என்ற ஆங்கிலப் பெண் 1836 முதல் 1839 வரை சென்னை மாகாணத்தில் வாழ்ந்தார். வீட்டுக்கு எழுதிய கடிதங்களை 1843இல் நூலாக வெளியிட்டார். சென்னை வாழ்வைப் பற்றிய அந்தக் கால எழுத்துகளில் கூர்மையும் நகைச்சுவையும் மிகுந்த நூல் அது. ஓரிடத்தில் தன் வீட்டு வேலையாட்களை வரிசைப்படுத்துகிறார். ஒவ்வொரு குதிரைக்கும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இருக்கிறார்களாம். அந்தப் பெண்ணின் வேலை குதிரைக்குப் புல் அறுப்பது. ஒவ்வொரு நாய்க்கும் ஒரு பையன். பூனைக்கு யார் என்று விசாரித்தாராம். பூனை தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ள அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்ததாம்.

பெண்ணெழுத்து வகுப்பில் இந்தப் பகுதியை என் தமிழில் சொன்னபோது மாணவிகள் சிரித்தார்கள். நகைச்சுவை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று கவனிக்க வேண்டும். குதிரை, நாய், பூனை மூன்றும் எசமான வரிசையில் நிற்கின்றன. மனிதர்கள் அவற்றுக்கு அருகே எண்ணிக்கையாக வந்து போகிறார்கள். சிரிப்பு பூனையின்மேல் போய் முடிவதால் நடுவில் வந்த பெண்ணை வாசகர் தாண்டிப் போய்விடுகிறார். மெயிட்லாந்து கொடுமைக்காரி இல்லை. சோம்பிக் கிடக்கும் துரைசானிகளைக் கேலி செய்தவர், பள்ளிக்கூடம் நடத்தியவர். அவருடைய நூலேகூட முதலில் அவர் பெயரின்றி, ‘ஒரு சீமாட்டி’ எழுதியதாகத்தான் வெளிவந்தது. தன் பெயரை அட்டையில் போட முடியாத ஒரு பெண், தன் லாயத்துப் பெண்ணின் பெயரைக் கேட்டு எழுதவில்லை. பெயரின்மை இருவருக்கும் பொது. ஆனால் ஒருத்தியின் பெயரை ஆய்வாளர்கள் பிறகு மீட்டுத் தந்தார்கள். மற்றவளைத் தேட யாருக்கும் தோன்றவில்லை. பெண் என்ற ஒரே சொல்லுக்குள் இருவரையும் அடக்கிவிட முடியாது என்பதை இந்த ஒரு பக்கமே காட்டிவிடுகிறது.

இரண்டாவது ஆவணம் ஓர் அகராதி. யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சனில் புல் அறுக்கும் வேலையாளுக்குத் தனிப்பதிவு இருக்கிறது. வடக்கே இந்த வேலையை ஆண் செய்கிறான், தெற்கே குதிரைக்காரனின் மனைவி செய்கிறாள் என்று அது சொல்கிறது. இந்த வரையறையின் இலக்கணத்தைப் பாருங்கள். வடக்கில் அந்த வேலையைச் செய்பவன் ஒரு வேலையாள். தெற்கில் செய்பவள் ஒருவனின் மனைவி. குதிரைக்கு உரியவன் குதிரைக்காரன், குதிரைக்காரனுக்கு உரியவள் அவள். குதிரையிலிருந்து எண்ணினால் இரண்டாம் படியில்தான் அவளுக்கு இருப்பு கிடைக்கிறது. வீட்டுக்கு வெளியே, கூலிக்குச் செய்த வேலைகூட இல்லறத்தின் நீட்சியாக எழுதப்பட்டுவிடுகிறது. இன்றும் விவசாயக் கணக்கெடுப்பிலும் மீன்பிடித் தொழில் கணக்கிலும் ‘குடும்ப உதவி’ என்று பெண்ணின் உழைப்பு கரைவதைப் பார்க்கிற நமக்கு இந்த இலக்கணம் புதிதன்று.

அந்தப் பதிவில் இன்னொரு செய்தியும் உண்டு. ஆங்கிலப் பெயர் ‘அறுப்பவர்’ என்கிறது. அதன் மூலமாக இருக்கலாம் என்று அகராதி காட்டும் இந்துஸ்தானிச் சொற்களில் ஒன்று ‘தோண்டுபவர்’ என்று பொருள்படும். தமிழ் இதைச் சரியாகவே பிடித்து வைத்திருக்கிறது. நாம் ‘புல் செதுக்குவது’ என்கிறோம். குதிரை விரும்பித் தின்பது அருகம்புல். அதை அரிவாளால் அறுத்தால் கைக்கு எதுவும் மிஞ்சாது. தரையோடு படர்ந்து கிடப்பது. குந்தி உட்கார்ந்து, சிறு கருவியால் வேரோடு செதுக்கி, மண் உதறி, தண்ணீரில் அலசி, கட்டாகக் கட்டி, தலையில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும். கோடையில் புல் கருகிவிட்டால் இன்னும் தூரம் போக வேண்டும். செதுக்குதல் என்றால் நம் இலக்கிய விமர்சனத்துக்கு உடனே சிற்பி நினைவுக்கு வருகிறான். கவிஞரைப் பாராட்ட வேண்டுமென்றால் சொற்களைச் செதுக்குகிறார் என்கிறோம். நானும் கவிதை எழுதுகிறவள். அந்தப் பாராட்டை வாங்கியிருக்கிறேன். அந்தச் சொல் கல்லுக்குப் போனது தெரிந்த நமக்கு, புல்லில் அது இன்றும் உயிரோடிருப்பது தெரியாமல் போனது எப்படி?

நான் சொன்ன அந்த வகுப்பில், சிரிப்பு அடங்கியதும் ஒரு மாணவி சொன்னாள்: “எங்க ஆயா இன்னும் மாட்டுக்குப் புல்லு செதுக்கினு வரும் மேடம். அந்தப் பொம்பளை பேரு இன்னா?” அவள் வருவது நான் வசிக்கும் சடையங்குப்பத்திலிருந்து. பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய ஊர். பூண்டி ஏரி திறந்தால் கொசஸ்தலையாற்று வெள்ளம் வீட்டுக்குள் வரும் ஊர். தோட்ட வீடுகளைப் பற்றிய எந்த நூலிலும் இந்தப் பகுதி இருக்க வேண்டிய அவசியமில்லை என்றே தோன்றும். உண்மையில் இருக்க வேண்டும். 1806இல் பேசில் காக்ரேன் பெயரால் வெட்டப்பட்ட கால்வாய் சென்னையை எண்ணூரோடு இணைத்தது. அதுதான் பிறகு நீண்டு 1878இல் பக்கிங்காம் கால்வாய் ஆனது. 1876-78 பஞ்சத்தின்போது அதன் ஒரு பகுதியைத் தோண்டியவர்கள் பஞ்ச நிவாரணக் கூலிக்கு வந்தவர்கள், பெண்களும் அவர்களில் உண்டு. விறகும் உப்பும் சிப்பியும் இந்த நீர்வழியில் நகரத்துக்குப் போயின. 1810இல் வந்த மரியா கிரகாம் போன்ற பயணிகள் வியந்த வெள்ளைத் தூண்களின் சுண்ணாம்பு, சிப்பியைச் சுட்டு நீற்றியது. கழிமுகத்துச் சேற்றில் இறங்கிச் சிப்பி பொறுக்கும் வேலை இல்லாமல் அந்தப் பளபளப்பு இல்லை. எண்ணூர் அப்போது துரைமார் படகு விட்டு ஓய்வெடுக்க வந்த இடம். ஆகவே தெற்கேயும் மேற்கேயும் நின்ற வீடுகளுக்கு வடக்கு ஒரு பின்கட்டாக இருந்தது. இன்று அனல்மின் நிலையங்களும் சுத்திகரிப்பு ஆலைகளும் நிற்கும் இந்தப் பகுதியை நகரம் தன் பின்கட்டாகத்தான் இன்னும் நடத்துகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய்ப் படலம் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, இறால் தடவும் பெண்களின் கைகளில் அது ஒட்டியது.

வேலையாட்களுக்கு வரலாறு எழுத ஆதாரம் ஏது என்று கேட்பார்கள். பட்லருக்கு ஒரு விதமாக வரலாறு கிடைத்திருக்கிறது. ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்த தன் பாட்டனார் கந்தப்பன், எல்லிஸிடம் திருக்குறள் சுவடியைச் சேர்ப்பித்தார் என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதினார். துரை வீட்டு வேலையாள் என்று ஒதுக்கப்பட்ட ஒருவர் தமிழ்ப் பதிப்பு வரலாற்றுக்குள் வந்தது அந்தப் பேரனின் எழுத்தால்தான். சென்னையில் துரை வீட்டு வேலைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் தலித்துகள் என்பதை நினைத்தால் அந்த எழுத்தின் அரசியல் கனம் புரியும். கந்தப்பன் வீட்டுக்குள் இருந்தார், சுவடி வைத்திருந்தார், எழுதும் பேரனைப் பெற்றார். புல்லுக்காரிக்கு வீட்டுக்குள் இடமில்லை. அவளுக்கும் பேத்திகள் இருந்திருப்பார்கள்; அவர்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. சாதியால் வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்குள்ளும் ஆணுக்கு முதலில் திறந்த கதவு எது, பெண்ணுக்கு எவ்வளவு காலம் கழித்துத் திறந்தது என்ற கணக்கும் வரலாறுதான்.

இங்கேதான் நம் பெண்ணிய எழுத்தையும் நான் கேள்விக்கு உட்படுத்த விரும்புகிறேன். தோட்ட வீடுகளைப் பற்றி நமக்கு மிகப் பிடித்த கதை ஒன்று உண்டு: கம்பெனிக்காரர்களின் மாளிகைகள் பெண்கள் கல்லூரிகள் ஆயின. 1914இல் கடற்கரையோரம் கேப்பர் ஹவுஸில் தொடங்கிய பெண்கள் கல்லூரி பிறகு ராணி மேரிக் கல்லூரி ஆனது. 1915இல் தொடங்கிய பெண்கள் கிறித்தவக் கல்லூரி மறு ஆண்டே டவுட்டன் ஹவுஸுக்குப் போனது. 2003இல் தலைமைச் செயலகம் கட்டுவதற்காக ராணி மேரிக் கல்லூரியை இடிக்க அரசு முடிவெடுத்தபோது, மாணவிகளும் ஆசிரியர்களும் எதிர்த்து நின்று அதைக் காப்பாற்றினார்கள். அந்தப் போராட்டத்தைப் பெருமையோடு சொல்ல நமக்கு உரிமை உண்டு. ஆனால் நம் கதையும் போர்ட்டிகோவில் தொடங்கிப் போர்ட்டிகோவில் முடிகிறது. துரை இறங்கிய இடத்தில் மாணவி இறங்கினாள் என்று எழுதுகிறோம். அந்த வளாகத்தில் பெண்கள் 1914க்கு முன்பே இருந்தார்கள், வேலை செய்தார்கள் என்பதை நம் கல்லூரி வரலாறுகள் சொல்வதில்லை. ‘முதன்முதலாகப் பெண்கள் நுழைந்தார்கள்’ என்ற வாக்கியம், ஆயாவையும் தோட்டிச்சியையும் புல்லுக்காரியையும் பெண்கள் கணக்கில் சேர்க்காதபோதுதான் உண்மையாகிறது.

மரபுக் கட்டடப் பாதுகாப்பும் இதே வாக்கியத்தைக் கல்லில் எழுதுகிறது. 2012இல் தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் வந்தது நல்லது. ஆனால் பாதுகாக்கத் தகுந்தது எது என்பதைக் கட்டடக் கலையின் கண் மட்டும் முடிவு செய்தால் தூணும் வளைவும் மிஞ்சும். லாயமும் குடியிருப்பு வரிசையும் வாகன நிறுத்தத்துக்கு வழிவிடும். லாயம் போனால் அங்கே வேலை செய்தவர்கள் இருந்ததற்கான சுவரும் போய்விடும். பிறகு ஆதாரம் எங்கே என்று நம்மிடமே கேட்பார்கள்.

மாணவியின் கேள்விக்குப் பெயராக விடை சொல்ல என்னால் முடியாது. ஆனால் வாசிப்பாக விடை சொல்ல முடியும். 1880களின் இறுதியில் இரண்டு ஆங்கிலப் பெண்கள், ஸ்டீலும் கார்டினரும், இந்தியாவில் வீடு நடத்துவது எப்படி என்று எழுதிய நூலில், ஊர்வாரியாக வேலையாட்களின் சம்பளப் பட்டியலே இருக்கிறது. கடிதம், அகராதி, சம்பளப் பட்டியல் என்று அவள் வரும் இடங்கள் எல்லாம் அச்சில் உள்ளவை. இந்த ஆண்டு என் மாணவிகளுக்கு ஒப்படைப்பாக ஆளுக்கொரு தோட்ட வீட்டைக் கொடுத்திருக்கிறேன். கட்டியவர் பெயரையும் தூண்களின் பாணியையும் இரண்டு வரியில் முடித்துவிட வேண்டும். மீதிப் பக்கங்களில் எழுத வேண்டியவை: லாயம் எங்கே இருந்தது, இப்போது அங்கே என்ன இருக்கிறது, அருகில் புல் முளைத்த வெளி எது, அலசக் குளமோ ஆறோ எவ்வளவு தூரம், கட்டைத் தலையில் ஏற்றிவிட யார் இருந்தார்கள். அந்த மாணவி தன் ஆயாவிடம் கேட்டு, ஒரு கட்டு புல்லுக்கு எத்தனை நாழி ஆகும் என்று முதலில் குறித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.