ஒக்டோபர் 6இல் முடியும் தொடர்

2022இல் நெற்பிளிக்ஸில் வந்த ‘மோ’ தொடரை நான் ஒரு ரசிகனாகவே பார்த்தேன். குவைத்திலிருந்து வளைகுடா யுத்தத்தால் விரட்டப்பட்டு, ஹூஸ்ரனில் இருபது வருடங்களாக அகதி வழக்கு முடியாமல் அலையும் ஒரு பாலஸ்தீனக் குடும்பத்தின் கதை. எழுதி நடித்த மோ அமரின் வாழ்க்கையும் இதில் கலந்திருக்கிறது. விசாரணை தள்ளிப்போகும் காட்சிகளில் நாம் சிரிக்கிறோம். அந்தக் கடிதங்கள் நமக்கும் வந்தவைதானே.

2025 ஜனவரியில் இரண்டாம் பகுதி வெளிவந்தது. காஸாவில் கொல்லப்பட்டோர் தொகை அங்குள்ள சுகாதார அமைச்சின் கணக்கில் அப்போது 47,000ஐத் தாண்டியிருந்தது. தொடரோ, மேற்குக் கரையில் உறவுகளைக் கண்டு திரும்பும் குடும்பத்தோடு 2023 ஒக்டோபர் 6இல் முடிந்துவிடுகிறது. நழுவல் என்றே முதலில் பட்டது. பிறகு எண்ணம் மாறியது. சோதனைச்சாவடிகளும் குடியேறிகளின் அடாவடியும் அந்தத் திகதிக்கு முன்பே இருந்ததை அது காட்டிவிட்டுத்தான் நிற்கிறது.

என் குறை தொடர்மீதல்ல, ரசிகர்களாகிய நம்மீது. சிரிக்கவைத்த மோவுக்காகக் கலங்குவது சுலபம். காஸாவின் பிள்ளைகள் நம்மைச் சிரிக்கவைத்தவர்களல்லர். 2009இல் முள்ளிவாய்க்காலுக்காக அந்நிய நகரத் தெருக்களில் நின்றபோது, நம்மை அறியாதவர்களிடம்தானே நாமும் இரக்கம் கேட்டோம்?