விரற்கடைக் களிமண்

இத்தாலி தேசத்தில் குப்பியோ என்ற பழைய ஊரின் புறத்தே, மலையை ஊடறுத்துச் செல்லும் ஒரு கணவாயில், வெண்மையும் இளஞ்சிவப்புமாக அடுக்கின்மேல் அடுக்காகப் படிந்திருக்கும் சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே, ஒரு விரற்கடைக்கு மேற்படாத கனமுள்ள களிமண் படலம் ஒன்று ஓடுகிறது. அதற்குக் கீழே உள்ள பாறைத் துண்டைப் பூதக்கண்ணாடியால் பார்த்தால், கடலில் மிதந்து வாழ்ந்த போராமினிபெரா என்னும் நுண்ணுயிர்களின் ஓடுகள், மணல் தூவினாற்போலப் பல இனங்களாக நிறைந்திருப்பது தெரியும். மேலே உள்ள பாறையிலோ, மிகச் சிறிய இனம் ஒன்றிரண்டைத் தவிர மற்றவை எல்லாம் மறைந்து போயிருக்கும். இன்றைக்கு 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, பூமியிலிருந்த ஜீவராசிகளின் இனங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு அழிந்த பிரளயத்தின் எல்லைக்கோடு இந்தக் களிமண்தான். அந்த முக்கால் பங்கில் டைனோசர்களும் அடக்கம்.

இப்பேரழிவுக்குக் காரணம் கூறியவர்கள் அநேகர். அவர்கள் கூறிய காரணங்களைவிட, காரணம் கூறிய முறையே என் கவனத்தை அதிகமாக ஈர்த்திருக்கிறது. ஏனெனில், கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லாத ஒரு வழக்கில் மனித அறிவு எப்படித் தீர்ப்புச் சொல்லத் துணிகிறது என்பதை இதைக் காட்டிலும் தெளிவாகக் காட்டும் உதாரணம் எளிதில் அகப்படாது.

பழைய அநுமானங்களை நீளப் பேச வேண்டியதில்லை. ஓர் இனத்துக்கும் மனிதனைப் போல முதுமை உண்டு, டைனோசர்களுக்கு அது வந்துவிட்டது என்றார்கள். சிறு பாலூட்டிகள் முட்டைகளைக் குடித்துத் தீர்த்துவிட்டன என்றார்கள். புதிதாகத் தோன்றிய பூச்செடிகளின் நஞ்சு கொன்றது என்றார்கள். பூச்செடிகள் தோன்றிப் பல கோடி ஆண்டுகள் அவற்றோடு கூடவே டைனோசர்கள் செழித்து வாழ்ந்தன என்ற ஒன்றே கடைசிக் கூற்றை வீழ்த்தப் போதும். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் பொதுவான குற்றம் வேறு. டைனோசர்கள் மறைந்த அதே எல்லையில், கடலில் சுருண்ட ஓட்டோடு வாழ்ந்த அம்மோனைட்டுகளும், நான் மேலே சொன்ன நுண்ணுயிர்களும் மறைந்திருக்கின்றன. ஓர் ஊரில் வீட்டுக்கு வீடு சாவு விழுந்திருக்கையில், பண்ணையார் வீட்டுச் சாவுக்கு மட்டும் காரணம் தேடுவது எவ்வளவு பொருந்துமோ, அவ்வளவே இந்த விளக்கங்களும் பொருந்தும். இவற்றை மெய்யா பொய்யா என்று சோதிக்க வழியும் இல்லை.

சோதிக்க வழி தந்த முதல் கொள்கை குப்பியோவின் களிமண்ணிலிருந்துதான் பிறந்தது. 1970-களின் பிற்பகுதியில் வால்ட்டர் அல்வாரெஸ் என்ற பூகர்ப்ப சாஸ்திரி, இந்தப் படலம் படிய எவ்வளவு காலம் ஆயிற்று என்ற எளிய வினாவோடு, 1968-இல் பௌதிகத்துக்காக நோபல் பரிசு பெற்ற தம் தந்தை லூயி அல்வாரெஸை அணுகினார். தந்தை ஓர் உபாயம் சொன்னார். இரிடியம் என்ற உலோகம் பூமியின் மேலோட்டில் மிக அரிது. விண்வெளித் தூசியோடு சேர்ந்து அது சிறுகச் சிறுக எப்போதும் பொழிந்துகொண்டே இருக்கிறது. பூட்டிக் கிடந்த வீட்டில் படிந்த தூசியின் கனத்தைக் கொண்டு எத்தனை காலம் ஆள் நடமாட்டம் இல்லை என்று மதிப்பிடுவது போல, களிமண்ணில் உள்ள இரிடியத்தை அளந்தால் காலம் தெரிந்துவிடும் என்பது அவர் கருத்து. பிராங்க் அசாரோவும் ஹெலன் மிஷெலும் அளந்தார்கள். எதிர்பார்த்தது இம்மியளவு; கிடைத்ததோ சுற்றியுள்ள பாறையில் இருப்பதைப் போல் 30 மடங்கு. டென்மார்க்கில் அதே எல்லைக் களிமண்ணில் 160 மடங்கு. நியூசிலாந்தில் 20 மடங்கு. காலத்தை அளக்கப் போன இடத்தில் கொலைக் கருவியின் தடயம் அகப்பட்டது.

அவர்கள் அடுத்துச் செய்தது என் மனத்தில் ஆழப் பதிந்த செயல். அருகில் ஒரு நட்சத்திரம் வெடித்திருக்கலாம் என்ற எண்ணம் அவர்களுக்கு முதலில் இருந்தது. அப்படியானால் ஒரு வகைப் புளூட்டோனியமும் களிமண்ணில் இருந்தாக வேண்டும். முதற் சோதனையில் அது இருப்பதாகவே தெரிந்தது. ஆனந்தித்துப் பறைசாற்றாமல் மறுபடியும் சோதித்தார்கள். இல்லை என்று தெரிந்தது. அந்த எண்ணத்தை அப்போதே கைவிட்டார்கள். அதன் பிறகே, சுமார் 10 கிலோமீட்டர் குறுக்களவுள்ள விண்கல் ஒன்று பூமியில் மோதியது என்ற கொள்கையை 1980-இல் வெளியிட்டார்கள்.

இக்கொள்கையின் பெருஞ்சிறப்பு, தன்னை வீழ்த்தும் வழியைத் தானே சொல்லிக்கொண்டு வந்தது என்பதே. விண்கல் மோதியது மெய்யானால், பேரதிர்ச்சியால் கீறுண்ட படிகக்கல் துகள்கள் அதே படலத்தில் இருக்க வேண்டும். அவை 1984-இல் அமெரிக்காவின் மொன்டானாவில் கிடைத்தன. பள்ளம் ஒன்று இருக்க வேண்டும். அது மெக்சிகோவின் யுகட்டான் கரையோரத்தில், பிற்காலத்துப் பாறைகளுக்கு அடியில், சுமார் 180 கிலோமீட்டர் அகலத்துக்குப் புதைந்து கிடந்தது. எண்ணெய் தேடப் போன கிளென் பென்பீல்டும் அந்தோனியோ கமார்கோவும் அந்த வட்டத்தை முன்னமே கண்டு, 1981-இல் ஒரு மாநாட்டில் அறிவித்திருந்தார்கள்; ஒருவரும் செவிசாய்க்கவில்லை. பல்லாண்டுகள் கழித்து, பள்ளத்தைத் தேடி அலைந்த ஆலன் ஹில்டிபிராண்டுக்கு அந்தச் செய்தியை எட்டவைத்தவர் ஹூஸ்டன் நகரத்துப் பத்திரிகையாளர் ஒருவர். 1991-இல் சிக்சுலூப் பள்ளம் உலகறிந்ததாயிற்று. புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பது நமது தருக்க சாஸ்திரம் கற்பித்த பழைய பாடம். பதினோராண்டு தேடி அந்த நெருப்பிருந்த அடுப்பையே கண்டுபிடித்துக் காட்டியது இந்த விஞ்ஞானம்.

எதிர்ப்பு எழாமலில்லை. தொல்லுயிர் ஆராய்ச்சியாளர்கள் கூறிய ஆட்சேபம் வலுவானது. மொன்டானாவில் டைனோசர் எலும்புகள் எல்லைப் படலம்வரை தொடர்ந்து வரவில்லை. சுமார் மூன்று மீட்டர் கீழேயே நின்றுவிடுகின்றன. ஆகவே விண்கல் விழுமுன்பே அவை அருகிப் போயிருந்தன என்றார்கள். ஸ்பெயின் தேசத்துச் சுமாயாக் கடற்கரையில் அம்மோனைட்டுகளைத் தேடிய பீட்டர் வார்டும், தொடக்கத்தில் அவை எல்லைக்கு வெகு கீழேயே மறைவதைக் கண்டு, படிப்படியான அழிவு என்றே நம்பினார். இங்கேதான் நுட்பமான ஒரு பிழை ஒளிந்திருந்தது. அருகிக் கிடைக்கும் ஒரு பிராணியின் கடைசி எலும்பு, அந்தப் பிராணி கடைசியாக வாழ்ந்த நாளில் விழுந்த எலும்பாக இருப்பது அபூர்வம். ஆகையால் திடீரென்று நேர்ந்த அழிவுகூடப் பாறையில் படிப்படியான அழிவாகவே தோன்றும். 1982-இல் சைனர், லிப்ஸ் என்ற இருவர் இதை விளக்கினார்கள். வார்டு மீண்டும் தேடினார். தேடத் தேட, அம்மோனைட்டுகள் எல்லையை நெருங்கி வந்துகொண்டே இருந்தன. 2011-இல், மொன்டானாவில், கொம்புள்ள டைனோசர் ஒன்றின் கொம்பு எல்லைக்குக் கீழே 13 சென்டிமீட்டருக்கு உட்பட்ட ஆழத்தில் கிடைத்ததாக அறிவித்தார்கள். மூன்று மீட்டர் இடைவெளியைச் சான்றாகக் கொண்ட வாதம், ஒரு சாண் அளவுக்குள் கிடைத்த ஒற்றைக் கொம்பினால் ஆட்டங்கண்டது. கிடைக்காமையை இல்லாமையாக எண்ணிவிடுவது எவ்வளவு எளிது!

ஆயினும், வெற்றி பெற்ற கட்சி தன் வெற்றியை அடக்கத்தோடு தாங்கியது என்று சொல்வதற்கில்லை. தொல்லுயிர் ஆராய்ச்சியாளர்களை அஞ்சல்தலை சேகரிப்பவர்களுக்கு ஒப்பிட்டு லூயி அல்வாரெஸ் பத்திரிகையில் இகழ்ந்துரைத்தது, அத்தனை பெரிய அறிஞருக்கு அடுக்காத காரியம். அன்று அவர்கள் கேட்ட கேள்விகள்தாம் சுமாயாவில் மறுதேடலைத் தூண்டின. வெற்றியின் மயக்கத்தில், பேரழிவுகள் 2 கோடியே 60 லட்சம் ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் நேர்கின்றன, அவற்றுக்குச் சூரியனோடு சுற்றும் கண்காணாத நட்சத்திரம் ஒன்று காரணம் என்று 1984-இல் எழுந்த கற்பனையும் உண்டு. அந்த நட்சத்திரம் இன்றுவரை அகப்படவில்லை. கனடாவின் மனிகுவாகன் பள்ளமோ சுமார் 100 கிலோமீட்டர் அகலமுள்ளதாயிருந்தும், அது உண்டான காலத்தில் பேரழிவு ஒன்றும் நேர்ந்ததாகத் தெரியவில்லை. கல்லின் பருமன் மட்டும் கொல்வதில்லை. விழுந்த இடமும் கொல்கிறது. யுகட்டானில் விழுந்த கல், கந்தகம் நிறைந்த பாறையை ஆவியாக்கி வானில் எறிந்தது. தூசியும் கரியும் கந்தகப் புகையும் சூரியனை மறைத்தன. பசுமை பட்டினியால் செத்தது. பசுமையை உண்டவை பின்தொடர்ந்தன.

இந்த வழக்கின் மற்றொரு கட்சி நமது தேசத்துக் கருங்கற்களில் எழுதப்பட்டிருக்கிறது. மகாபலேசுவரத்து மலைச்சரிவுகளில் படிக்கட்டுப் போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் கரும்பாறைகள் யாவும் ஒரு காலத்தில் பூமியின் வயிற்றிலிருந்து பொங்கி வழிந்த அக்கினிக் குழம்பு. இன்றும் ஏறத்தாழ ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் அது பரந்திருக்கிறது. ராஜமுந்திரிவரை அதன் ஓட்டம் சென்றிருக்கிறது. பிரான்ஸ் தேசத்து வின்சென்ட் கூர்த்தியோவும், பிரின்ஸ்டன் சர்வகலாசாலையின் கெர்டா கெல்லரும் இந்த எரிமலைப் பெருக்கே அழிவுக்கு மூலகாரணம் என்று பல்லாண்டுகள் வாதாடி வந்திருக்கிறார்கள். அவர்கள் வாதம் அலட்சியப்படுத்தத்தக்கதன்று. 25 கோடியே 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு நேர்ந்த, இதைவிடப் பெரிய அழிவோடு சைபீரியாவின் அக்கினிக் குழம்பு கைகோத்து நிற்கிறது. 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பு நேர்ந்த வேறோர் அழிவோடும் இப்படியே ஒரு பெருக்கு நிற்கிறது. மும்முறை கூடி வந்ததைக் காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் இக்கட்சியின் குறை காலக்கணக்கில் இருக்கிறது. தக்காணத்துக் குழம்பு ஓரிரு நாளில் பொங்கி அடங்கியதன்று. பல லட்சம் ஆண்டுகள் விட்டுவிட்டுப் பொங்கியது. 2019-இல் ஒரே விஞ்ஞானப் பத்திரிகையின் ஒரே இதழில் இரண்டு குழுவினர் தங்கள் அளவைகளை வெளியிட்டார்கள். பிளேர் ஷோன் குழுவினர், பெரும் பெருக்கு ஒன்று விண்கல் விழுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்னரே தொடங்கியது என்றார்கள். கோர்ட்னி ஸ்பிரெயின் குழுவினர், குழம்பின் முக்கால் பங்கு விண்கல் விழுந்த பிறகே வெளிவந்தது என்றார்கள். பின்னது மெய்யானால், இறந்தவனை இறந்த பிறகு கொன்றதாகக் குற்றஞ்சாட்ட வேண்டியிருக்கும். கட்ச் பிரதேசத்து அஞ்சாரில், இரண்டு குழம்பு அடுக்குகளுக்கு நடுவே படிந்த மண்ணில், டைனோசர் எலும்புகளும் முட்டையோடுகளும் கிடைத்திருக்கின்றன. அதாவது, ஒரு பெருக்குக்கும் அடுத்த பெருக்குக்கும் இடையே அவை எரிமலையின் மடியிலேயே முட்டையிட்டு வாழ்ந்தன. எனவே, எரிமலை தனியாகக் கொன்றது என்ற கூற்றை நான் ஏற்கவில்லை. அது உலகைத் தளர்த்தி வைத்திருக்கலாம் என்பதை மறுக்கவும் இல்லை.

இரு கட்சிகளுக்கும் பொதுவான குறை ஒன்று எஞ்சி நிற்கிறது. முதலை பிழைத்தது, ஆமை பிழைத்தது, தவளை பிழைத்தது. டைனோசர்களின் வழிவந்த பறவைகளிலும் சில பிழைத்தன. சுமார் 25 கிலோவுக்கு மேற்பட்ட எடையுள்ள நிலப்பிராணிகளோ அநேகமாக ஒன்றும் பிழைக்கவில்லை. நன்னீரில் அழுகலை நம்பி வாழ்ந்தவை தாக்குப் பிடித்திருக்கலாம், விதைகளைக் கொத்தித் தின்றவை பசியை வென்றிருக்கலாம் என்கிறார்கள். கேட்க நயமாயிருக்கிறது, முழுமையாயில்லை. கொன்றது எது என்று தேடிய அத்தனை பேரின் உற்சாகத்தில் பாதிகூடப் பிழைத்தவை பிழைத்தது எப்படி என்ற ஆராய்ச்சிக்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை. இதைவிடப் பெரிய குறை, டைனோசர்களின் கடைசி நாட்களைப் பற்றி நாம் அறிந்ததில் மிகப் பெரும்பகுதி வட அமெரிக்காவின் மேற்குப் பிரதேசம் ஒன்றின் சாட்சியமாயிருப்பது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்க்கலாம். உலகம் முழுவதற்கும் ஒரு மாகாணத்தைப் பதம் பார்ப்பது தகாது.

நர்மதைப் பள்ளத்தாக்கில், தார் மாவட்டத்தில், 92 கூடுகளும் 256 முட்டைகளும் கண்டறியப்பட்டதாக 2023-இல் வெளியான செய்தி, நம் மண்ணில் சாட்சிகளுக்குப் பஞ்சமில்லை என்பதற்குப் போதிய அத்தாட்சி. அரியலூர் வட்டாரத்திலும் அந்த யுகத்துப் பாறைகள் இருக்கின்றன. சிமென்ட் ஆலைகளுக்காக நாள்தோறும் வெட்டப்படும் சுண்ணாம்புக்கல்லில் அக்காலத்துக் கடற்சிப்பிகள் குவியல் குவியலாக வருகின்றன. டைனோசர் எலும்புகள் கிடைக்கும் கல்லமேட்டு மணற்பாறைக்கு மேலே, அழிவுக்குப் பிந்திய நினியூர்ச் சுண்ணாம்புப் பாறை அமைந்திருக்கிறது. குப்பியோவில் விரற்கடைக் களிமண் குறித்து நிற்கும் எல்லை, நம் மாவட்டம் ஒன்றிலும் பாறைகளுக்கு இடையே கடந்து செல்கிறது. அங்கே மண்வெட்டி விழுமுன் ஒரு பூகர்ப்ப சாஸ்திரியின் கண் விழ வேண்டும் என்று சுரங்கத் துறையாரையும் சர்வகலாசாலைகளையும் வேண்டிக்கொள்கிறேன். வேண்டுவதற்குக் காரணம் உண்டு. கல்லமேட்டில் கிடைத்து, 1980-களில் பிருகத்காயோசாரஸ் என்று பெயரிடப்பட்ட பெரும் பிராணியின் முழங்காலுக்குக் கீழ் எலும்பு மட்டுமே இரண்டு மீட்டர் நீளம் இருந்ததாக அறிவித்தார்கள். அந்த எலும்புகள் பொடிந்து உதிர்ந்துபோயின. இன்று ஆராய்ச்சிக்கு எஞ்சியிருப்பவை சில சித்திரங்களும் புகைப்படங்களுமே.