கொடுமணல் மேடும் புறநானூற்றுத் தாழியும்

காஞ்சிபுரத்திற்கு மேற்கே, பாலுசெட்டிசத்திரத்தை அடுத்துள்ள திருப்புட்குழி, திருமங்கையாழ்வாரின் பாடல்பெற்ற பழம்பதியாகும். சடாயு என்னும் புள்ளுக்கு இராமபிரான் இறுதிக்கடன் ஆற்றிய இடம் ஆதலின் இப்பெயர் எய்திற்று என்று தலவரலாறு கூறும். தமிழகத்தின் பல பகுதிகளில் பெருங்கற்காலப் புதைகுழிகளைப் பாண்டவரோடு சார்த்திப் பேசும் வழக்கும் இத்தகையதே. மண்ணில் காணும் ஒன்றைத் தாம் அறிந்த கதையொன்றால் விளக்கிக்கொள்ளுதல் மக்களியல்பு; அதனைக் குறைகூறுதல் எம் கருத்தன்று. கற்றறிந்தோரும், அகழ்ந்தெடுத்த மட்கலங்களின்மேல் அரசமரபின் பெயரையோ செய்யுளின் பொருளையோ இவ்வாறே ஏற்றிவிடுகின்றனரோ என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது. அதற்குக் கொடுமணல் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

ஈரோடு மாவட்டத்தில் நொய்யலாற்றின் வடகரையில் அமைந்த இவ்வூரில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985-ஆம் ஆண்டு முதலாகப் பல பருவங்கள் அகழாய்வு நிகழ்த்தினர். பின்னர்ப் பிற நிறுவனங்களும் அப்பணியைத் தொடர்ந்தன. பண்டை மக்கள் குடியிருந்த மேடு ஒருபாலும், அவர்தம் ஈமக்காடு மற்றொருபாலும் ஆக இரண்டும் அருகருகே கிடைத்தமை இவ்வூரின் தனிச்சிறப்பு. கறுப்பு-சிவப்பு மட்கலங்களும், தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகளும், மணிகள் செய்த தொழிற்கூடங்களின் எச்சங்களும், இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்களும் ஆங்குக் கண்டறியப்பட்டன. அவற்றோடு, வெண்கோடுகளால் ஓவியம் தீட்டிச் செங்காவி பூசிச் சுட்ட மட்கலங்களும் கிடைத்தன. இக்கட்டுரை பெரிதும் கருதுவது இவ்வோவியக் கலங்களையே.

இவ்வகைக் கலத்திற்கு முதலில் வழங்கிய பெயர் வேறு. 1947-ஆம் ஆண்டில் கன்னட நாட்டுப் பிரமகிரியில் அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், மேலடுக்கில் இவற்றைக் கண்டு, அவ்வடுக்கின் பண்பாட்டுக்கு 'ஆந்திரப் பண்பாடு' என்று பெயரிட்டார். சாதவாகனரை ஆந்திரர் என்னும் வழக்கே அப்பெயருக்கு அடிப்படை. பெயர் எளிது, எனினும் விளைவு எளிதன்று. ஓர் அரசமரபின் பெயரைப் பானைக்கு இட்டபின், அப்பானை கிடைத்த இடமெல்லாம் அம்மரபின் செல்வாக்குப் பரவிய இடமாகவும், அதன் காலம் அம்மரபின் காலமாகவும் கொள்ளப்படும். கொங்கு நாட்டின் குடியிருப்பு மேடுகளிலும் புதைவிடங்களிலும் இக்கலங்கள் பரவலாகக் கிடைத்தபோது அக்கொள்கை நிலைபெறவில்லை. பின்வந்தோர் அப்பெயரை நெகிழவிட்டு, பூச்சும் ஓவியமும் குறிக்கும் பெயரையே மேற்கொண்டனர். கலத்தைச் செய்த முறையால் பெயரிடுதல் ஆய்வுக்கு வழிதிறக்கும். ஆண்டவர் பெயரால் பெயரிடுதல் ஆய்வு தொடங்குமுன்னரே முடிவைக் கூறிவிடும்.

வாழ்விட மேட்டின் அருமை இங்கே விளங்கும். தமிழகத்து அகழாய்வு நெடுங்காலம் ஈமக்காடுகளையே நாடிற்று. ஆதிச்சநல்லூரில் 1876-இல் யாகோரும், 1899 முதல் அலெக்சாந்தர் ரீயும் தாழிகளையே தேடினர். தொண்டைநாட்டில் சானூர், அமிர்தமங்கலம் முதலிய இடங்களில் நிகழ்ந்த பணியும் புதைவிடம் பற்றியதே. புதைகுழியில் உள்ள கலம், இறந்தாருக்கென்று வாழ்வோர் தேர்ந்து வைத்தது. மேட்டில் உள்ள ஓடோ, அடுப்படியிலும் முற்றத்திலும் உடைந்து, எவரும் தேர்ந்து வைக்காமல் வீழ்ந்தது. எது முன், எது பின் என்பதை மண்ணடுக்கு வரிசையாகக் காட்டுவதும் மேடே. ஈமக்காட்டை மட்டும் கொண்டு பண்டைத் தமிழர் வாழ்வை எழுதுதல், படையற்பொருளை மட்டும் கண்டு ஒரு வீட்டாரின் அன்றாட உணவை உரைத்தல் போலாம்.

இனிச் செய்யுளுக்கு வருவோம். புறநானூற்றின் 228, 256-ஆம் பாடல்கள் இரண்டும் கலஞ்செய்யும் வேட்கோவை விளித்துத் தாழி வனைதலைப் பேசுகின்றன. அகழாய்வு பற்றிய கட்டுரைகளில் இவை தாழிகளுக்கு உரையாகவே காட்டப்படுகின்றன. ஆயின், முன்னதில் ஐயூர் முடவனார், கிள்ளிவளவனின் புகழுக்கேற்ற தாழி வேண்டின் நிலமே திகிரியாகவும் மலையே மண்ணாகவும் வேண்டுமே என்று இரங்குகின்றார். தாழியின் அளவு கூறுதல் அவர் நோக்கமன்று. பின்னது முதுபாலைத் துறையது. கணவனை இழந்தாள் தனக்கும் இடமுண்டாகத் தாழியை அகலமாக வனையுமாறு வேண்டுகின்றாள். இது துயரின் மொழி. மனைவியையும் உடன்புதைத்த வழக்கிற்குச் சான்றாக இதனைக் கொள்ளுதல் துறையறியாதார் செயல். மேலும், கொடுமணலில் இறந்தாரை வைத்தவை பெரும்பாலும் கற்பலகை நிறுத்திய அறைகளே. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை, பிணத்தை அடக்கும் முறைகள் பல ஒருங்கு வழங்கியமையைக் கூறுகின்றது. ஆகவே தாழியைக் கண்டவிடமெல்லாம் அப்பாடல்களையும், அப்பாடல்களைக் கண்டவிடமெல்லாம் தாழியையும் பொருத்துதல் முறையன்று.

அற்றேல், இலக்கியமும் அகழாய்வும் ஒன்றற்கொன்று துணையாகாவோ எனின், ஆகும் என்பதற்கும் கொடுமணலே சான்று. பதிற்றுப்பத்தின் 67-ஆம் பாட்டில் கபிலரும், 74-இல் அரிசில்கிழாரும் அணிகலனுக்குப் பெயர்பெற்ற கொடுமணத்தைச் சுட்டுகின்றனர். பெயரொப்புமை ஒன்றே கொண்டு அவ்வூரே இவ்வூர் என்றல் போதாது. ஆயின், அணிகலன் என்னும் செய்யுட்செய்தியும், மணித்தொழிற்கூடம் என்னும் மேட்டின் செய்தியும், ஒன்றையொன்று நோக்காமலே ஒருமுடிபு காட்டுகின்றன. இதுவே துணையாதல். இதனினும் ஒருபடி மேற்சென்று, ஓவியக் கலத்தின் காலத்தைப் பாட்டிற்கும் பாட்டின் காலத்தைக் கலத்திற்கும் ஏற்றுவோமாயின், ஒன்றை மற்றொன்றால் நிறுவி இரண்டையும் நிறுவாது விட்டவராவோம்.

கீழடிக் குடியிருப்போடு கொந்தகை ஈமக்காட்டையும் 2020-ஆம் ஆண்டில் சேர்த்து அகழ்ந்த முறை பாராட்டத்தக்கது. அவ்வாறு அகழுமிடத்தெல்லாம், எழுத்துப் பொறித்த ஓட்டிற்கும் ஓவிய ஓட்டிற்கும் உள்ள மதிப்பு, வெற்று ஓட்டிற்கும் அதன் மண்ணடுக்கோடு தரப்படல் வேண்டும். தமிழ்த்துறையார் ஒரு பாட்டை அகழாய்வாளர்க்கு எடுத்துக்கொடுக்கும்போது அதன் திணையும் துறையும் உடன்கொடுத்தல் கடன். செய்யுளைப் பிழைபடக் கற்றார் மீண்டும் ஏட்டைத் திறந்து திருத்திக்கொள்ளலாம். மேட்டை ஒருமுறை அகழ்ந்தபின் அவ்வடுக்குகள் மீண்டும் கிடைப்பதில்லை. ஆதலின், பெயரிடும் விரைவினும் பதிவு செய்யும் பொறுமையே இத்துறையில் முதற்கண் வேண்டப்படுவது என்க.